பிறர் எண்ணில் வேலைக்கு வந்தவன்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆலைக் கேண்டீனில் எனக்கு ஒரு விருந்து வைத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. பேச்சுகளைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்த நான்கு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல, "மணியம் அண்ணனின் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்றார்கள். விருந்து வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் இடத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான், நன்றாகவே வேலை செய்கிறான் என்று கேள்வி. நிரப்பாமல் விட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு செம்பனை ஆலையில் மின்சார வேலை பார்த்த ஆள் போனதும் விளக்கு அணைந்துவிடும் என்றால், அந்த ஆள் அத்தனை காலம் என்னதான் பிடுங்கினான் என்று கேட்க மாட்டார்களா?

போன மாதம் ஆலையிலிருந்து இரண்டு பேர் அம்பாங்கானில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் போன பிறகு நிரந்தரமானவர்கள். ஆலை வாசலில் புதிய இயந்திரம் வைத்திருக்கிறார்களாம். முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்குமாம்.

"இனிமே கந்தி கிந்தி எதுவும் நடக்காதுண்ணே" என்றான் ஒருவன். கந்தி என்பது மலாய்ச் சொல். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்று பொருள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பதிலாளுக்கு அதுதான் பெயர்.

"அந்தக் காலத்துல நெசமாவே ஒருத்தன் நம்பர்ல இன்னொருத்தன் வந்து வேல செஞ்சானாண்ணே? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்றான் மற்றவன்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனுக்குப் போன் வந்தது. கார் வழியை மறிக்கிறதாம். இருவரும் தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். சொல்ல ஆரம்பித்ததை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். சுங்கை காடுட்டிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வேலை கற்ற கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தேன். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். சிரம்பானில் இரண்டு ஆண்டு தொழிற்பயிற்சி படித்தேன். வயர்மேனாக ஆலைக்குள் நுழைந்து முதல் ஆண்டு முழுவதும் அடுத்தவருக்கு ஏணி பிடித்தேன். இரண்டாம் ஆண்டில் எனக்கு ஏணி பிடிக்க ஒரு ஆள் வந்தான். அவ்வளவுதான்.

ஆலையின் எஞ்சினியர் ரஹிம். அவரும் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார், எங்களைவிட நன்றாகவே தமிழில் திட்டுவார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் திட்டியதே இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். நாம் கிட்டே போய்க் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கிட்டே போய்த் திட்டு வாங்குவது கொடுமை.

"எல்லாத்துக்கும் ஒரு மாத்து இருக்கணும்" என்பது அவருடைய மந்திரம். பெல்ட், சங்கிலி, பேரிங், மோட்டார், எதைத் தொட்டாலும் அதற்கு மாற்று எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது, மாற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்பார். தெரியவில்லை என்றால் குரல் இறங்கும். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த இயந்திரத்தையும் பழுது பார்த்து முடித்து ஓட்டும் முன்னால் ஒரு ஸ்பேனரால் அதன் உடம்பில் மூன்று தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே யாராவது இருந்தால் திருப்பித் தட்டுவார்கள் என்பது கணக்கு. "சாருக்குப் பூசை முடிஞ்சிருச்சா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் சிரிப்பார். ஆனால் தட்டாமல் விட்டதில்லை.

என்னிடமும் அந்த மாற்று விஷயத்தில் ஒரு தடவை மோதினார். எண்ணெய் பிழியும் இரண்டாம் பிரஸ்ஸின் மோட்டார் மழை பெய்தால் நின்றுவிடும். பழைய சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு இணைப்பு தளர்ந்து கிடந்ததை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. மழை வரும், மோட்டார் நிற்கும், லயத்துக்கு வேன் வரும், நான் போய் ஸ்க்ரூ டிரைவரின் கட்டைப் பிடியால் ஒரு இடத்தில் அழுத்துவேன், ஓடும். "மணியம் வந்தாத்தான் ஓடும்" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள் ரஹிம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"என்ன செஞ்ச?"

"கை ராசி சார்."

அவர் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு கம்பியையும் வரையச் சொன்னார். பதினொரு நாள் ஆயிற்று. வரைந்து முடித்ததும் வேறு இரண்டு வயர்மேன்களை அழைத்து, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, என் கண் முன்னாலேயே அவர்களை அந்த இணைப்பைச் சரிசெய்ய வைத்தார். மோட்டார் ஓடியது. அதன்பின் மழையிலும் நிற்கவில்லை. ஒரு வாரம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வேன் வந்து கூப்பிடணும்னு ஆசப்படாத மணியம்" என்றார் அவராக வந்து. "ஒரு நாள் ஒன் மக கல்யாணத்துல நீ உக்காந்திருப்ப. அப்பவும் வேன் வரும்."

மகளின் கல்யாணத்துக்கு வேன் வரவில்லை. இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் செய்யும் துரோகம்.

இனி வில்லை விஷயம். ஆலையில் நிரந்தரமாக வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் எல்லாரையும் நிறுத்திப் பதிவெடுக்கும்போது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயரைக் கூப்பிட மாட்டார், எண்ணைத்தான் கூப்பிடுவார். அந்த எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றும் எங்களுக்குத் தரப்பட்டிருந்தது. ஓர் இயந்திரத்துக்குள் இறங்கிப் பழுது பார்க்கப் போகிறவன் தன் வில்லையை வயர்மேனிடம் கொடுக்க வேண்டும். வயர்மேன் அந்த இயந்திரத்தின் மின்சாரத்தை அணைத்து, கைப்பிடியில் வில்லையை மாட்டுவான். வேலை முடிந்து வெளியே வந்ததும் வில்லைக்கு உரியவன் தானே வந்து தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் ஒரு வில்லை தொங்கினாலும் எவனும் அதைத் தொடக் கூடாது. நல்ல விதி. வில்லைக்கு உரியவன்தான் எடுக்க வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்று நினைத்தோம்.

அந்த விதியும் கந்திப் பழக்கமும் ஒரே ஆலையில் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

வீட்டில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், தைப்பூசத்துக்குக் காவடி, எது வந்தாலும் நாங்கள் விடுப்பு எழுதிக் கொடுக்க மாட்டோம். நமக்குப் பதில் ஓர் ஆளை அனுப்புவோம். அவன் நம் எண்ணில் நின்று நம் வேலையைச் செய்வான். மண்டோர் எண்ணைக் கூப்பிடுவார், அவன் "இருக்கேன்" என்பான். பதிவேட்டில் நாம் வந்ததாகவே இருக்கும். மண்டோர் பெருமாளுக்கு ஆள் குறையக் கூடாது. எங்களுக்கு வருகை குறையக் கூடாது. பதிவேடு எழுதும் கிராணியும் பேனாவை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். ரஹிம் கூட இதைக் கண்டுகொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மாற்று வேண்டும் என்றவருக்கு இது ஒரு மாற்றாகத் தெரிந்திருக்கலாம்.

எங்களுக்கெல்லாம் பதிலாளாக வந்தவன் பெரும்பாலும் ஒருவன்தான். லெட்சுமணன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன். அந்தத் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். எங்கள் ஆலையில் டிரம் வேலை பார்த்த சுப்ராவுக்கு அவன் மச்சான், மனைவியின் அண்ணன். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டான். ஒரு நாள் ஏழாம் எண், மறுநாள் முப்பத்து மூன்று, அடுத்த வாரம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று என் எண். என் அப்பா இறந்தபோது நான்கு நாள் என் எண்ணில் அவன்தான் ஏணி தூக்கினான். எப்போதாவது ஓர் இடம் காலியாகும், தன்னை எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வந்துகொண்டே இருந்தான். அதனால் மற்றவர்கள் உட்காரும்போதும் அவன் உட்கார மாட்டான். பதிலாள் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவனுக்குப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓட்டத்தை நிறுத்தியிருந்தோம். குலையிலிருந்து பழத்தை உதிர்க்க ஒரு பெரிய டிரம் இருக்கும். இரண்டு ஆள் உயரம், சுற்றிலும் இரும்புக் கம்பிகளால் ஆன ஒரு கூண்டு, படுத்தவாக்கில் சுழலும். தேய்ந்த கம்பிகளை மாற்ற மூன்று பேர் உள்ளே போக வேண்டும். ரஹிம் சிரம்பானில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மின்சாரப் பொறுப்பு என்னுடையது.

காலையில் மண்டோர் பெருமாள் மூன்று வில்லைகளையும் ஒரே கொத்தாகக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏழு, பதினெட்டு, முப்பத்து மூணு. மாட்டிரு." ஒவ்வொருவனும் தானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. நேரம் மிச்சம் என்று கொத்தாக வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கமாகியிருந்தது. வாங்கினேன், அணைத்தேன், மாட்டினேன். உள்ளே போனவர்களின் முகங்களை நான் பார்க்கவில்லை.

மதியம் ஏழும் முப்பத்து மூன்றும் வந்து தங்கள் வில்லைகளை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். பதினெட்டு மட்டும் தொங்கியது. பதினெட்டு சுப்ராவின் எண்.

பத்து நிமிடத்தில் சுப்ராவே வந்து நின்றான். கையில் ஒரு லட்டு டப்பா, வாயெல்லாம் பல்.

"அண்ணே, பொண்ணு பொறந்திருக்குண்ணே!"

"அட, எப்படா? மகேஸ் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குண்ணே. எடுத்துக்குங்க, ரெண்டு எடுத்துக்குங்க லா."

நான் இரண்டு எடுத்தேன். அவன் கைப்பிடியைப் பார்த்தான். "இது இங்கயே தொங்குதே" என்று சொல்லிக்கொண்டே தன் வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பதினெட்டாம் எண்காரன் பதினெட்டாம் எண் வில்லையை எடுத்தான். விதி அதைத்தானே சொல்கிறது? காலையில் அவன்தான் டிரம்முக்குள் இருந்தான், தகவல் கேட்டு வெளியே வந்திருக்கிறான் என்று என் மனம் தானாக ஒரு கதை கட்டிக்கொண்டது. அவன் சட்டை சலவை மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

அவனும் ஒரு கதை கட்டியிருக்கிறான். எல்லாரும் சாப்பிடப் போயாயிற்று, காலையில் தன் எண்ணில் வந்த மச்சானும் போயிருப்பார், வில்லையை மறந்துவிட்டார், மதியத்துக்கு மேல் தானே வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

மண்டோர் எட்டிப் பார்த்தார். "மணியம், வில்ல எல்லாம் எடுத்தாச்சா? ஒரு முழம் மட்டும் சுத்தி விடு. அடுத்த வரிசக் கம்பி கீழ வரட்டும். சாப்ட்டு வந்ததும் கைய வச்சிரலாம்."

ஓட்டும் முன் அடிக்க வேண்டிய மணியை மூன்று தடவை அடித்தேன். கைப்பிடியைத் தூக்கினேன். பொத்தானை அழுத்தினேன்.

லெட்சுமணன் உள்ளே இருந்தான். சுத்தியல் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு வைத்திருந்தான். மணி கேட்டதாம். சாப்பாட்டு மணியும் அதே மணிதான் என்பதால், சாப்பாட்டுக்குத்தான் அடிக்கிறார்கள் என்று வேலையைத் தொடர்ந்தான். கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே இடது கையை வெளியே நீட்டி ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். டிரம் ஒரு முழம்தான் சுழன்றது. கம்பிக்கும் வெளிச் சட்டத்துக்கும் இடையில் அந்தக் கை மாட்டிக்கொண்டது.

அலறலை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டியிருந்தால் அவன் திருப்பித் தட்டியிருப்பான். அது எஞ்சினியரின் பழக்கம், விதியில் இல்லை என்று நான் இருந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் இதற்கு வேறு ஒரு சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆலை வேனில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே கட்டடத்தில் மேலே மூன்றாம் மாடியில் அவன் தங்கை மகேஸ் அன்று பிறந்த குழந்தையோடு படுத்திருந்தாள். அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று சுப்ராவும் நானும் படிக்கட்டில் வெகுநேரம் நின்றோம்.

மூன்றாம் நாள் நான் தனியாகப் போய் லெட்சுமணனைப் பார்த்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று தீர்மானித்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"டிரம்முக்கு வேற ஆளு போட்டுட்டாங்களாண்ணே?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரர் செத்துப்போனது யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குள் தலைமையகத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்துவிட்டார். மரியாதையானவர். பதிவேட்டைப் புரட்டினார். விபத்தன்று டிரம் வேலையில் இருந்தவர்கள் ஏழு, பதினெட்டு, முப்பத்து மூன்று. மூவரும் முழு உடம்போடு நிற்கிறார்கள். அப்படியானால் ஆஸ்பத்திரியில் கிடப்பவன் யார்? லெட்சுமணன் என்ற பெயர் ஆலையின் எந்த ஏட்டிலும் இல்லை. "வெளியாள் ஒருவர் அனுமதியின்றி ஆலைக்குள் நுழைந்து காயமடைந்தார்" என்று அவர் எழுதத் தயாரானார். அப்படி எழுதிவிட்டால் லெட்சுமணன் ஒற்றைக் கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்கும் எதுவும் கிடையாது. போதாததற்கு அத்துமீறி நுழைந்தவன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

அன்று மாலை லயத்தில் ஒரு கூட்டம். பெருமாள்தான் பேசினார். அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"அவன் பேரச் சொன்னா யார் யார் நம்பர்ல வந்தான்னு கேப்பாங்க. பதினாலு பேரு மாட்டுவோம். ஒருத்தனுக்காக பதினாலு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கணுமா? நாமளே கையில இருக்கறதப் போட்டு அவனப் பாத்துக்குவோம் லா."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

மறுநாள் நான் என் வாக்குமூலத்தை எழுதி ரஹிமிடம் கொடுத்தேன். மூன்று வில்லைகளை மாட்டியது, அவற்றை உரியவர்கள் எடுத்தது, மணி அடித்தது, பிறகு ஓட்டியது என்று எல்லாம் வரிசையாக இருந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை. எழுதி முடித்தபோது எனக்கே என் கெட்டிக்காரத்தனம் பிடித்திருந்தது.

ரஹிம் இரண்டு தடவை படித்தார். தாளை மேசை மேல் என் பக்கம் தள்ளினார். குரல் இறங்கியது. நான் கிட்டே போனேன்.

"இதுல அவன் எங்க?"

"சார், நான் நடந்தத..."

"நடந்தது எல்லாம் இருக்கு. கை போனவன் மட்டும் இல்ல. அவன் பேரு என்ன?"

"லெட்சுமணன்."

"எழுது."

நான் பேனாவை எடுக்கவில்லை. எல்லாருக்கும் வேலை போய்விடும் என்றேன். எனக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்தது.

"எனக்கும்தான் போகும்" என்றார். "கந்தி ஆளு வர்றது எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டது நான். மாத்து இருக்கு, வேல நடக்குதுன்னு இருந்துட்டேன். வந்தவன் யாருன்னு ஒரு நாளும் கேக்கல." பிறகு தன் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய வாக்குமூலம். முதல் வரியிலேயே லெட்சுமணனின் பெயர் இருந்தது.

நான் புதுத் தாளில் எழுதினேன். காலையில் கொத்தாக வில்லை வாங்கியது, முகம் பார்க்காதது, தட்டிப் பார்க்காதது. கடைசியில், "என் தந்தை இறந்தபோது நான்கு நாள் இந்த லெட்சுமணன் என் எண்ணில் வேலை செய்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் என் ஒருவன் தாள் போதாது. தலைமையகத்துக்காரர் அதை என் தப்பை மறைக்க நான் கட்டிய கதை என்று தள்ளிவிடலாம். அதனால் வேலை முடிந்ததும் லயத்தில் கதவு கதவாகப் போனேன்.

சிலர் உட்கார வைத்துக் கேட்டார்கள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை. ஒருவர் தன் மகனின் படிப்பைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானே இரண்டாம் தாளில்தான் மனிதனானேன்.

முக்கியமாக வேண்டியது சுப்ராவின் கையெழுத்து. அவன் எண்ணில்தான் விபத்து நடந்தது. அவன் எழுதாவிட்டால் மற்றவர்கள் எழுதியும் பயனில்லை. நான் போனபோது அவன் வாசலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பச்ச உடம்புக்காரி வீட்ல இருக்குண்ணே. புள்ள பொறந்து ஒரு வாரம் ஆவல. வேல போச்சுன்னா நான் எங்க போவேன்? மச்சான நான் வச்சுக் காப்பாத்துறேண்ணே, சத்தியமா சொல்றேன்."

உள்ளே இருந்து மகேஸ் வந்தாள். தோளில் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"எங்க அண்ணன யாரும் வச்சுக் காப்பாத்த வேணாம்" என்றாள். "ஒங்க நம்பருக்குப் போயித்தான் அதுக்குக் கை போச்சு. போனது எங்க அண்ணன்னு எழுதிக் குடுங்க. வேல போனா நானும் வர்றேன், ஃபேக்டரிக்கோ எங்கயோ போய் ரெண்டு பேரும் செய்வோம்."

சுப்ரா தாளை வாங்கினான். அவனுக்கு எழுத வராது என்றில்லை, தேதியைப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டான். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவன் சொல்லச் சொல்லத் தானே எழுதினாள். அவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

சுப்ரா எழுதினான் என்று தெரிந்ததும் வேறு சிலரும் எழுதினார்கள். பதினான்கு பேரில் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் பெருமாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, காலைப் பெரட்டு முடிந்ததும் ஒன்றும் பேசாமல் தாளை என் பையில் திணித்துவிட்டுப் போனார். எழுதாத ஐந்து பேரில் ஒருவர் இன்றும் அம்பாங்கான் பசாரில் என்னைப் பார்த்தால் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ரஹிம் அந்த ஒன்பது தாள்களையும் பதிவேட்டின் பக்கத்தில் வைத்து, எந்த நாளில் எந்த எண்ணில் லெட்சுமணன் நின்றான் என்று தேதி தேதியாகச் சேர்த்தார். சேர்த்து முடித்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கு முந்திய ஓர் ஆண்டில் எங்கள் ஆலையில் நிரந்தரமான எவனும் லெட்சுமணன் வந்த அத்தனை நாள் வேலைக்கு வரவில்லை. தலைமையகத்துக்காரர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, தான் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

யாருக்கும் வேலை போகவில்லை. கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வர வேண்டிய பதவி உயர்வு ஆறு ஆண்டு தள்ளிப்போயிற்று. அது தகும். ரஹிமை ஆண்டு முடிவில் பகாங்கில் ஓர் ஆலைக்கு மாற்றினார்கள். அது தகாது. கந்திப் பழக்கம் அன்றோடு ஒழிந்தது. வில்லையில் எண்ணோடு பெயரும் படமும் வந்தன. இயந்திரத்தைத் தட்டிப் பார்ப்பது விதியாயிற்று.

லெட்சுமணன் ஆலையின் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டார்கள். கை ஆறியதும் சாமான் அறையில் அவனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பேரிங், பெல்ட், நட்டு எல்லாம் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒற்றைக் கையால் நன்றாகவே செய்தான். என்னோடு பேசுவதில் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை சாமான் அறை திறக்கவில்லை. சங்கிலி ஒன்று அறுந்து எங்களுக்கு அவசரமாக ஒரு கொக்கி தேவைப்பட்டது. ஆபீசில் இன்னொரு சாவி இருந்தது. நாங்களே திறந்தோம், எந்தத் தட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், எடுத்து மாட்டினோம். வேலை கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனாலும் பெருமாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "ஆளு வரலியே, என்னா ஏதுன்னு பாக்க வேணாமா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் லெட்சுமணன் சுவிட்ச் அறைக்கு வந்தான். முகம் காய்ச்சலில் வெளுத்திருந்தது. நேற்று எழுந்திருக்க முடியவில்லையாம். விடுப்புச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லையாம்.

"மண்டோர் வீட்டுக்கே வந்துட்டாருண்ணே. கதவத் தட்டி, சொல்லாம கொள்ளாம படுத்துக்கிட்டா என்னா அர்த்தம், ஒன்னைக் காணோம்னு நாங்க எங்க போய்த் தேடுறதுன்னு, கண்ணு மூக்கு தெரியாமத் திட்டிட்டுப் போனாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"திட்டு வாங்கிட்டு வந்து என்னடா சிரிப்பு?" என்றேன்.

"எத்தன வருசமா இந்த மில்லுக்கு வர்றேன்" என்றான். "நான் வரலன்னு இதுவரைக்கும் யாரும் தேடுனதில்லண்ணே."